மெட்டித் தடம்

ஜப்பானின் வடக்குக் கோடியில், ஒரு மலை எந்தக் காலத்திலோ நெருப்பாகக் கக்கியதைக் கடல் இடித்து இடித்துச் சலித்துவைத்த கறுப்பு மணலில், என் மகள் நாச்சியின் கால்தடங்கள் அவளை விட்டுவிட்டுத் தாமாகவே நடக்க ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை; அன்றைக்குக் கடற்பாசி காயப்போடுகிற நாள் என்பதால் மத்தியானம் வரைக்கும் அதை நின்று பார்க்க ஊரில் ஒருவருக்கும் நேரமில்லை.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் அங்கே போயிருந்தோம். என் வீட்டுக்காரர் சேதுராசு அந்த ஊர்ப் படகுப் பட்டறையில் வெல்டர். நானும் நாலு வயது நாச்சியும் சாயல்குடிப் பக்கமிருந்து கிளம்பி அவரோடு வந்து சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. விசிறி மாதிரி விரிந்த சிப்பிகளைக் கத்தியால் பிளக்கிற கொட்டகையில் எனக்கும் வேலை கிடைத்து, கத்தியும் கையும் ஒன்றுக்கொன்று பழகி, இனி லீவு நாளில் நாலு இடம் பார்க்கலாம் என்று துணிச்சல் வந்தபோது, பார்ப்பதற்கு அந்த ஊரில் இருந்த ஒரே இடம் அதுதான். வெளியூர்க்காரர்கள் அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுவார்கள். ஒரு கடை கிடையாது, ஒரு போர்டு கிடையாது, குடை கிடையாது, சுண்டல் கிடையாது. கறுப்பு மணல், சட்டியில் கருகிப்போன ரவை மாதிரி, கண்ணுக்கு எட்டின மட்டும் கறுப்பு மணல், அதன் ஓரத்தில் வெள்ளை நுரை, பின்னால் இடுப்பில் புகையோடு அந்த மலை. ஒரு சாண் தோண்டினால் அடியில் வெதுவெதுப்பாக இருந்தது, அப்போதுதான் சோறு இறக்கின பானையின் அடி மாதிரி.

நாச்சி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டாள். நானும் கழற்றினேன். இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடந்தோம். சேது தூரத்தில் நின்று போட்டோ எடுத்தார், அதனால்தான் அவருக்குத் தடம் இல்லாமல் போனது, அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மனசு நொந்துகொள்வார். கடற்பாசிக்குக் கயிறு கட்ட வந்த ஆறு பெண்கள் நாச்சியைச் சூழ்ந்துகொண்டு, அழகு அழகு என்று அவர்கள் பாஷையில் கூவி, அவள் கன்னத்தைத் தொடாமலே தொட்டுப் பார்த்தார்கள். அந்த ஊரில் நாச்சியோடு சேர்த்து மொத்தம் மூன்று குழந்தைகள். ஆறு பெண்கள், பன்னிரண்டு கண். நான் என்ன செய்வேன், பிள்ளை பெற்றவள் செய்வதைச் செய்தேன்: அவள் நின்ற இடத்தில் காலடி மண் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். என் கை பெரிய கை, பக்கத்தில் இருந்த என் காலடியும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த குண்டு மிளகாய் மூன்று, கல் உப்பு, அந்த மண், எல்லாவற்றையும் நாச்சியை உட்காரவைத்து மூன்று சுற்றுச் சுற்றி இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பை ஏற்றினேன். மிளகாய் கருகியது, துளி நெடி இல்லை, அத்தனை கண். கூரையில் பதித்திருந்த கருவி மட்டும் புகையைப் பார்த்துவிட்டு "தீ, தீ" என்று ஜப்பானிய மொழியில் கத்தியது. கருகினதைக் கொண்டுபோய் முச்சந்தியில் கொட்ட வேண்டும், ஆனால் அந்த ஊருக்கு ஒரே ரோடு, வடக்கே இருந்து வந்து தெற்கே போகிற ஒரே ரோடு, குறுக்கே எதுவும் கிடையாது. நின்று யோசித்தேன். ரோட்டிலிருந்து கடற்கரைக்கு ஒரு நடைபாதை இறங்குகிறது, வடக்கு ஒன்று, தெற்கு ஒன்று, கடல் ஒன்று, ஆக மூன்று என்று நானே ஒரு முச்சந்தியைக் கண்டுபிடித்து, அந்தக் கறுப்பு மணலிலேயே கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கொட்டகைக்கு ஃபுமிகோ அக்கா வந்தாள். என் பக்கத்து மேசையில் சிப்பி பிளக்கிறவள், ஐம்பத்தைந்து வயது, ஊரில் யாரை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லுவாள். எனக்கு அப்போது அவர்கள் மொழியில் முன்னூறு வார்த்தைதான் தெரியும், அவள் அந்த முன்னூறுக்குள்ளேயே பேசிவிடுவாள்; அதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"உன் மக காலை அங்கயே விட்டுட்டு வந்துட்டியே, போய்க் கூட்டிட்டு வர மாட்டியா?" என்றாள், ஏதோ குடையை மறந்துவிட்டு வந்த மாதிரி.

போய்ப் பார்த்தேன். நான் மண் எடுத்த குழியிலிருந்து ஒரு ஜோடிச் சின்னக் காலும், அதற்கு இடப்பக்கம் ஒரு ஜோடிப் பெரிய காலும் வடக்கே இருபது எட்டுப் போயிருந்தன. பெரிய காலில் இரண்டாம் விரலடியில் வளையம் பதிந்திருந்தது. என் மெட்டி. அலை வந்து அதன்மேல் ஏறி இறங்கிப் போனது, தடம் அப்படியே இருந்தது, தண்ணீர் மட்டும் அதில் தேங்கி வெதுவெதுப்பாக ஆவி விட்டது.

"என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று ஃபுமிகோ அக்கா கேட்டாள். சொன்னேன். மிளகாய் சொன்னேன், உப்பு சொன்னேன், முச்சந்தி சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒரு தடவ நெருப்புல வெந்து வந்த மண்ணு. இப்பத்தான் ஆறிக்கிட்டு இருக்கு. அதத் திரும்ப அடுப்புல ஏத்தினா அதுக்கு இன்னிக்கு எது நாளைக்கு எதுன்னு தெரியுமா? உங்களுக்கு முன்னாடி ஓடுது, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றே ஊரும் எடுத்துக்கொண்டது. கடற்பாசி காயப்போடுகிறவர்கள் தடம் போகிற வழியை விட்டு இரண்டு பக்கமும் பரப்பினார்கள். மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கத்தின் சுகவாரா, எதையும் அளக்காமல் விடமாட்டார், மீன் அளக்கிற பலகையை எடுத்துவந்து தினமும் கடைசித் தடத்தை அளந்தார். தடம் நாளுக்கு நாள் முன்னே போனதோடு பெரிதாகிக்கொண்டும் போனது. அந்த ஊரில் தினமும் ஐந்து மணிக்குக் குழாய் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வைத்து மறுநாள் காற்று எப்படி அலை எப்படி என்று சொல்வார்கள். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் பாட்டு முடிந்ததும் சுகவாராவின் குரல் சொன்னது: "நாளை காற்று வடமேற்கு. அலை ஒன்றரை மீட்டர். நாச்சி-சான் இன்று பதினாறரை சென்டிமீட்டர். நலமாக இருக்கிறார்." பெயருக்குப் பின்னால் ஒரு சான் சேர்ப்பது அவர்கள் மரியாதை; செருப்புக்கும் ஷூவுக்கும் அங்கே சென்டிமீட்டர்தான் கணக்கு. வீட்டில் உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்த நாச்சியின் கால் அன்றைக்குப் பதினாறு.

பிறகு ஷூக்கள் வர ஆரம்பித்தன. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு ஜோடி இருக்கும், பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, ஊர்க்காரர்களின் பிள்ளைகள் எப்போதோ போட்டுவிட்ட ஷூக்கள், நாடா துவைத்து, உள்ளே செய்தித்தாள் அடைத்து, குதிகாலில் வேறொரு பிள்ளையின் பெயர் எழுதி. யார் வைத்தார்கள் என்று தெரியாது. அலமாரி நிறைந்து அடுப்படிக்கு வந்துவிட்டது. "பதினஞ்சு வருசத்துக்குப் புள்ளைக்குச் செருப்பு வாங்க வேண்டியதில்ல போ" என்று சேது சிரித்தார்.

பதினாறரையில் ஒரு இடத்தில் தடம் தடுக்கியிருந்தது. இடது உள்ளங்கை பதிந்திருந்தது, வலது முட்டி பதிந்திருந்தது. ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆளாளுக்குச் சட்டைப்பையில் பிளாஸ்திரி வைத்துக்கொண்டார்கள். அக்டோபரில் நாச்சியின் கால் நிஜமாகவே பதினாறரைக்கு வந்த அன்றைக்கு, தபால் ஆபீஸ் படியில் ஓடினவள் தடுக்கி, இடது உள்ளங்கை ஊன்றி, வலது முட்டி சிராய்த்து விழுந்தாள். அவள் அழ வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் நாலு பக்கமிருந்து பிளாஸ்திரியோடு ஓடிவந்தார்கள். "எதிர்பார்த்தபடி விழுந்தார்" என்று அன்று ஐந்து மணிக்குச் சொன்னார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அன்றைக்குத்தான், மணலில் இருப்பதெல்லாம் நடக்கும் என்று என் வயிற்றுக்குத் தெரிந்தது.

தெரிந்த பிறகும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் மெட்டி இருந்தது. வேலை விட்டு வருகிற வழியில் போய் என் மகளின் வருஷங்களைப் பார்த்துவிட்டு வருவேன். பதினெட்டு சென்டிமீட்டரில் அவள் முன்னால் ஓட நான் பின்னால் ஓடுகிறேன், விரல் ஆழமாகப் பதிந்திருக்கிறது, மெட்டி இருக்கிறது. இருபதில் இரண்டு தடத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடைவெளி, பேச்சு வார்த்தை இல்லை போலிருக்கிறது, ஆனாலும் மெட்டி இருக்கிறது. இருபத்தொன்றில் மறுபடி பக்கத்தில், ஒட்டி ஒட்டி, மெட்டி இருக்கிறது. இருபத்து மூன்றில் இரண்டு காலும் ஒரே அளவு.

"அக்கா தங்கச்சி மாதிரி போறீங்கடி" என்றாள் ஃபுமிகோ அக்கா. "உனக்கு இடுப்பு இப்பவே கொஞ்சம் சாயுது பாத்தியா? தடத்துல தெரியுது."

"உங்களுக்கு என் இடுப்பு மேலயே கண்ணு."

"எடுத்துக்கோ, என் காலடி மண்ணையும் எடுத்து வறு!"

நவம்பரில், முதல் பனி விழுந்த அன்றைக்கு, ஐந்து மணிப் பாட்டு முடிந்தது. காற்று சொன்னார்கள். அலை சொன்னார்கள். பிறகு ஒலிபெருக்கியில் கொர கொரவென்று கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் வந்து, சுகவாரா தொண்டையைக் கனைத்து, அணைத்துவிட்டார்.

மறுநாளும் அப்படித்தான். கொட்டகையில் ஒருவரும் நிமிரவில்லை, சிப்பியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி பார்த்துப் பிளந்தார்கள். ஃபுமிகோ அக்கா காலையிலிருந்து ஒருத்தரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. போகும்போது என் பையில் ஒரு கட்டுக் கருவாட்டைத் திணித்துவிட்டுப் போனாள்.

"மச்சான், நாச்சிக்கு நேத்து எவ்வளவாம்?" என்று சேதுவைக் கேட்டேன்.

"கேக்கலயே. பட்டறையில ஒரே சத்தம்."

"அஞ்சு மணிக்குப் பட்டறை பூட்டியிருக்கும்."

அவர் குனிந்து பேன்ட்டைத் தட்டினார். பேன்ட் மடிப்பில் கறுப்பு மணல் இருந்தது. வேலைப்பையில் இருந்த பெரிய காந்தம் முழுக்க, அந்த மணலில் இரும்பு ஜாஸ்தி, கம்பளிப் பூச்சி மாதிரி மணல் மயிர் விட்டிருந்தது.

"அழிக்கப் பாத்தீங்களா?"

"இழுத்து இழுத்து வழிச்சேன். பலகை போட்டுத் தட்டினேன். திரும்பிப் பாத்தா அப்படியே இருக்கு செவ்வந்தி. போகாத. நீ போய்ப் பாக்காத."

அப்படிச் சொன்னால் யார்தான் போகாமல் இருப்பார்கள். விடிந்ததும் போனேன். கரை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது, தடங்களில் மட்டும் பனி நிற்காமல், அவை கறுப்பாக, வரிசையாக, வெள்ளைத் துணியில் எள்ளை வைத்த மாதிரி தெரிந்தன. கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே கட்டின தடுப்புச் சுவர் கிட்டே வரும் இடத்தில் நாலு மீன் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, மேலே பழைய வலையைப் போட்டு, கல் பாரம் வைத்திருந்தார்கள். யாரோ நான் பார்க்கக் கூடாது என்று பிரியமாகச் செய்த வேலை. அந்தப் பெட்டிகளுக்கு அப்பால் இருபத்து மூன்றரையில் ஒரே ஒரு ஜோடித் தடம் மட்டும் போய், சுவரில் இருந்த படியில் ஏறி மறைந்திருந்தது. வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன், பனியைக் கையால் விலக்கிப் பார்த்தேன். மெட்டி இல்லை.

பெட்டிகளை நான் தூக்கவில்லை. அதற்கடியில் என் கடைசித் தடம் எப்படிக் கிடக்கிறது, விழுந்து கிடக்கிறதா, அலை இழுத்துக்கொண்டு போனதா, அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. இருபத்து மூன்றரை. என் காலைவிட அரை சென்டிமீட்டர் பெரிது. அதுவரைக்கும்தான் நான்.

வீட்டுக்கு வந்தேன், அலமாரியில் இருந்த ஷூக்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன், பதினாறரையை மட்டும் வெளியே வைத்தேன். கால் வளர்ந்தால்தானே இருபத்து மூன்றரை வரும். வளரவிடாமல் செய்தால் வராது. சிரிக்காதீர்கள், அன்றைக்கு எனக்கு அது நல்ல கணக்காகத்தான் பட்டது, முச்சந்தி மாதிரியே. டிசம்பர் முழுக்கப் பதினாறரையைப் போட்டாள், ஜனவரி முழுக்கப் போட்டாள், காலை மடக்கித் திணித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். "அம்மா, வெரலு வலிக்கிதும்மா" என்பாள். "குளிருக்கு அப்படித்தான் இருக்கும் தாயி" என்பேன். வாசலில் தினமும் காலையில் ஒரு ஜோடிப் பதினேழு இருக்கும், ஒவ்வொரு நாளும் வேறு வேறு நிறத்தில், நான் அதை ஒவ்வொரு நாளும் எடுத்துப் பரணில் போடுவேன். ராத்திரி, பால் பொங்குகிற மாதிரி வளர்கிற பிள்ளையின் காலைப் பிடித்துவிடும்போது, அது என் கையிலேயே வளர்வது எனக்குத் தெரியும். வளராதே என்று காலிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை ஃபுமிகோ அக்கா கையில் பதினேழோடு கதவருகே அகப்பட்டுக்கொண்டாள். நாச்சி வெறுங்காலோடு ஓடிவந்து அவள் முன்னால் நின்றாள். கட்டைவிரல் இரண்டும் சிவந்து, நகம் உள்ளே குத்தி, சுண்டுவிரல் பக்கத்து விரலின் அடியில் போய் ஒளிந்திருந்தது.

ஃபுமிகோ அக்கா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சிப்பி பிளக்கத் தெரியுது. இது தெரியலயா?"

"என்னக்கா பண்ணச் சொல்றீங்க? நீங்கதான் பாத்தீங்கள்ல, இருபத்து மூணரைல நான் இல்ல. ஊரே பாத்துட்டு ஊரே வாயை மூடிக்கிட்டீங்க."

"பெட்டியத் தூக்கிப் பாத்தியா?"

"இல்ல."

"நாங்களும் தூக்கிப் பாக்கல. ஒரு தடவ பாத்து மூடினதோட சரி." கையிலிருந்த ஷூவைத் திருப்பினாள், குதிகாலில் எழுதியிருந்த பெயரைக் கட்டைவிரலால் தடவினாள். அவள் மகன் பெயர். தெற்கே எங்கேயோ பெரிய ஊரில் இருக்கிறான், வருஷத்தில் ஒரு தடவை போன் செய்வான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். "எங்களுக்குத் தூக்கிப் பாக்க வேண்டியதில்லடி" என்றாள். ஷூவைப் படியில் வைத்தாள். போய்விட்டாள்.

நாச்சியின் காலில் எண்ணெய் தடவி, கம்பளியில் சுற்றி, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். ஊர் முழுக்கப் பனி, தடங்களைச் சுற்றி மட்டும் மணல் வெதுவெதுப்பாக இருந்தது. இறக்கிவிட்டேன். வெறுங்காலை மணலில் வைத்ததும், விரல்களையெல்லாம் பூ மாதிரி விரித்து, "ஹையா" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் தன் தடங்களுக்குள் காலை வைத்து வைத்து விளையாடிக்கொண்டே போனாள், பதினெட்டுக்குள், இருபதுக்குள், இருபத்து மூன்றுக்குள், அண்டாவுக்குள் கரண்டி போட்ட மாதிரி அவள் கால். பெட்டிகளிடம் போனாள். கல்லைத் தள்ளினாள், வலையை இழுத்தாள், ஒரு பெட்டியைப் புரட்டினாள்.

"அம்மா! இங்க உன் வெரலு மட்டும் இருக்கு. மிச்சக் காலக் காணோம்."

போனேன். விழுந்து கிடக்கவில்லை. இழுத்த தடம் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கால், சுவரைப் பார்த்தபடி, பத்து விரலும் ஆழமாக, மெட்டி இரண்டும் முன்னெப்போதையும்விட அழுத்தமாக, வளையத்தில் இருக்கிற பூ வேலை கூடத் தெரிகிற மாதிரி பதிந்திருந்தன. குதிகால் மட்டும் இல்லை.

செருப்பைக் கழற்றினேன். என் விரல்களை அந்த விரல்களில் வைத்தேன். குதிகாலைத் தூக்கினேன்.

தரையில் நிற்கும்போது என் கண்ணுக்குச் சுவர்தான் தெரிந்துகொண்டிருந்தது. அந்த அரைச் சாண் உயரத்தில் சுவர் கீழே இறங்கியது. அந்தப் பக்கம் ரோடு, ரோட்டோரம் காற்று கொண்டுவந்து கொட்டின கறுப்பு மணல், அந்த மணலில் இருபத்து மூன்றரைத் தடம், நேராக, ஒரு தடவைகூடத் திரும்பாமல், பஸ் நிற்கிற கம்பம் வரைக்கும் போயிருந்தது. அதற்கு மேல் தடம் இல்லை. மேல்நிலைப் பள்ளிக்கூடம் பெரிய டவுனில், விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும், இந்த ஊரிலிருந்து பஸ் ஏறின பிள்ளைகள் திரும்பி வந்து குடியிருந்ததில்லை என்று சேது முன்னாடியே என்னிடம் சொல்லியிருந்தார். நான்தான் அதை ஷூக்களோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

நான் செத்துப்போகவில்லை. நான் இங்கே நிற்கிறேன். அவ்வளவுதான்.

நாச்சி படியேறிச் சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள்.

"அம்மா, இந்தக் கால் யாரோடது? இம்மாம் பெருசு!"

"உன்னோடதுதான் ஆத்தா."

"நீ எங்க? உன்னக் காணோம்."

"இங்கதான் நிக்கிறேன். உன்னப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

பாட்டு இல்லாத நேரத்தில் ஒலிபெருக்கி கொரகொரத்தது. எந்த ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்களோ தெரியாது. "நாச்சி-சான்," என்றது சுகவாராவின் குரல், பிறகு காற்றும் சொல்லவில்லை, அலையும் சொல்லவில்லை, "இன்றைக்குப் பதினேழு. பதினேழுதான்."

அவளுடைய சிவப்புக் கம்பளித் தொப்பியின் குஞ்சம் மட்டும் சுவருக்கு மேலே தெரிந்தது, பஸ் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்தது. குதிகாலை வைத்துவிட்டால் அந்தக் குஞ்சமும் மறைந்துவிடும். நான் வைக்கவில்லை.